அதிபர் லீவில் போனாரா, ஆளையே காணோமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் பனியன், கரூரில் வீட்டு ஜவுளி, நாமக்கல்லில் முட்டை, பொள்ளாச்சியில் தேங்காய் நார் என்று கொங்கு நாட்டில் நிறையப் பேருடைய பிழைப்பு கடல் தாண்டிப் போய்த்தான் முடிகிறது. அதனால் எங்கேயோ ஒரு நாட்டின் அதிபரைப் பத்து நாளாகக் காணோம் என்று செய்தி சுற்ற ஆரம்பித்தால் நம்ம ஆட்கள் அதை வெறும் வேடிக்கையாகக் கேட்பதில்லை. லீவா, ஆஸ்பத்திரியா, ஓட்டமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஏனுங்க, ஒரு பிரதமர் பெண்டாட்டி பிள்ளைகளோட நாலு நாள் வெளிநாடு போறது அவ்வளவு பெரிய தப்புங்களா?

தப்பே இல்லை. நாட்டை ஆளுகிறவருக்கும் தூக்கம் வேண்டும், குடும்பம் வேண்டும். ஜெர்மனியை 16 வருஷம் ஆண்ட ஹெல்முட் கோல் கோடை வந்தால் ஆஸ்திரியாவின் வொல்ஃப்காங் ஏரிக்கரைக்குப் போய்விடுவார். அங்கேலா மெர்க்கெல் இத்தாலியின் தென் டிரோல் மலைகளில் சுல்டன் என்கிற சின்ன ஊருக்கு நடைபயணம் போவார். இரண்டுமே வெளிநாடுதான், ஆனால் எங்கே போயிருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், நிருபர்கள் வந்து நாலு படம் எடுத்துக்கொண்டு போவார்கள், அதோடு பேச்சு முடிந்தது.

லீவை வெளிப்படையாகப் பேசியதால் அது அரசியலாகவும் ஆனது உண்டு. 2003-ல் இத்தாலியின் சுற்றுலாத் துறை இணை அமைச்சர் ஒருவர் ஜெர்மன் பயணிகளை மட்டமாகப் பேசிவிட்டார் என்பதற்காக, அன்றைய ஜெர்மன் பிரதமர் கெர்ஹார்ட் ஷ்ரோடர் இத்தாலிக்குப் போவதாக இருந்த குடும்ப விடுமுறையையே ரத்து செய்தார். சில நாளில் அந்த இணை அமைச்சர் பதவி விலகினார்.

என் கணக்கில் லீவு போவது குற்றமில்லை, மறைத்துவிட்டுப் போவதுதான் குற்றம். மில் முதலாளி வெளியூர் போகிறார் என்றால் எந்த லாட்ஜில் தங்குகிறார் என்பது நமக்குத் தேவையில்லை, சாவி யார் கையில் இருக்கிறது என்பது மேஸ்திரிக்குத் தெரிந்தாக வேண்டும்.

அப்போ ஆஸ்திரேலியாக்காரங்க ஸ்காட் மாரிசன் மேல ஏன் அவ்வளவு கோபப்பட்டாங்க?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு தலைவரின் லீவைப் பற்றிய ஊகம் எப்படிப் பிறந்து எப்படி வளர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சம்பவம் கிடைக்காது.

2019 டிசம்பர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் எரிந்துகொண்டிருந்தது, சிட்னி நகரமே புகையில் கிடந்தது. கோயம்புத்தூரில் இருந்தும் ஈரோட்டில் இருந்தும் போய் அங்கே குடியேறின நம்ம பிள்ளைகள் ஜன்னலைச் சாத்தி வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்த நாட்கள் அவை. அந்த மாதம் நடுவில் பிரதமர் ஸ்காட் மாரிசன் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகளோடு ஹவாய்க்குப் போனார். போனார் என்று யாரும் அறிவிக்கவில்லை. துணைப் பிரதமர் மைக்கேல் மெக்கார்மக் பொறுப்புப் பிரதமராக இருந்தார், அதையும் ஊருக்குத் தெரிகிற மாதிரி சொல்லவில்லை. பிரதமர் எங்கே என்று நிருபர்கள் கேட்டார்கள். அலுவலகம் இடத்தைச் சொல்ல மறுத்தது, அதோடு விடாமல் ஹவாய் என்பது சரியில்லை என்று சில நிருபர்களிடம் சொல்லியும் இருக்கிறது. வினையே அங்கேதான் ஆரம்பம். சொல்ல மாட்டோம் என்பது ஒரு பதில், அதை ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொள்வார்கள். இல்லை என்று சொல்லி அது உண்மையாகிப் போனால் அதற்கப்புறம் அந்த அலுவலகம் சொல்லுகிற எதையும் நம்ப மாட்டார்கள்.

உண்மை வெளியே வர அதிக நாள் ஆகவில்லை. ஹவாய்க் கடற்கரையில் இருந்த ஆஸ்திரேலியப் பயணிகள் அவரோடு எடுத்துக்கொண்ட படம் இணையத்தில் வந்துவிட்டது. இதில் இன்னொரு சங்கதியும் சேர்ந்துகொண்டது. மாரிசன் நாடாளுமன்றத்துக்கு வருவதற்கு முன் ஆஸ்திரேலிய சுற்றுலாக் கழகத்தின் நிர்வாக இயக்குநர். அவர் அங்கே இருந்தபோதுதான், 2006-ல், உலகத்தையே பார்த்து "எங்கேதான் போய்த் தொலைஞ்சீங்க?" என்று கேட்கிற ஒரு விளம்பரம் வந்து பிரபலமானது. ஜனங்கள் அந்தக் கேள்வியை அப்படியே எடுத்து அவரைப் பார்த்துத் திருப்பிக் கேட்டார்கள்.

டிசம்பர் 19 அன்று அந்த மாநிலத்தில் ஏழு நாள் நெருக்கடி நிலை அறிவித்தார்கள். அன்று ராத்திரி பக்ஸ்டன் என்ற ஊருக்கு அருகே தீயணைப்பு வண்டி ஒன்று கவிழ்ந்து தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் செத்துப் போனார்கள், இரண்டு பேருமே சின்னக் குழந்தைகளின் தகப்பன்கள். மறுநாள் மாரிசன் வருத்தம் தெரிவித்து அறிக்கை விட்டார், 21-ம் தேதி ஊர் திரும்பினார். ஆனால் கோபம் தணியவில்லை. ஜனவரி முதல் வாரம் கோபார்கோ என்ற எரிந்த ஊருக்குப் போனபோது சிலர் அவருக்குக் கை கொடுக்கவே மறுத்தார்கள். அந்த ஜனவரியில் இந்தியா வருவதாக இருந்த பயணத்தையும் ரத்து செய்தார்.

அவர் ஹவாயில் இல்லாமல் கான்பெராவில் இருந்திருந்தால் தீ அணைந்திருக்குமா? அணைந்திருக்காது. இதை அவருக்காகப் பேசுகிறவர்கள் சொல்கிறார்கள், அது உண்மையும்கூட. ஆனால் ஜனங்கள் கேட்டது அதையா? வீடு எரிந்து நிற்கிறவனுக்கு, தன்னை ஆளுகிறவன் எங்கே இருக்கிறான் என்று கேட்க உரிமை உண்டு, அதற்குப் பொய் பதில் வந்தால் கோபப்படவும் உரிமை உண்டு. அந்தக் கோபம் நூற்றுக்கு நூறு நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

எதிர்க்கட்சித் தலைவர்கிட்ட மட்டும் சொல்லிட்டுத்தான் போனாருன்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் ஆண்டனி ஆல்பனீசிக்குத் தான் குடும்பத்தோடு விடுமுறை போவதாகக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். 2021 நவம்பரில் நாடாளுமன்றத்தில் பேசும்போது, எங்கே போகிறேன் என்பதையும் சொன்னேன் என்கிற மாதிரிப் பேசினார். ஆல்பனீசி எழுந்து மறுத்தார். அப்புறம் மாரிசனே, இடத்தைச் சொல்லவில்லை, லீவு என்பதை மட்டும்தான் சொன்னேன் என்று திருத்திக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்தும் அந்த ஒரு வாரம் அவரை விடவில்லை.

"நான் ஒன்னும் தண்ணிக் குழாயைப் பிடிக்கிறவன் இல்லை"ன்னு நிஜமாவே சொன்னாருங்களா? இல்ல யாராவது கட்டி விட்டதா?

நிஜம். ஹவாயில் இருந்தபடியே டிசம்பர் 20 அன்று சிட்னி வானொலி ஒன்றுக்குப் பேசியபோது, நான் குழாய் பிடிக்கிறதும் இல்லை, கட்டுப்பாட்டு அறையில் உட்காருகிறதும் இல்லை என்று சொன்னார். ஒலிப்பதிவு இருக்கிறது.

ஆனால் இப்படிக் கேட்டது நல்ல கேள்வி. ஏனென்றால் இதே மாதிரி இன்னொரு பிரபலமான வாசகம் உண்டு, அது சொல்லப்படவே இல்லை. 1979 ஜனவரியில் பிரிட்டனில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம், நாடே ஸ்தம்பித்துக் கிடந்தது. பிரதமர் ஜேம்ஸ் கேலகன் கரீபியனில் குவாடலூப் தீவில் அமெரிக்க, பிரெஞ்சு, ஜெர்மன் தலைவர்களோடு மாநாட்டில் இருந்தார், அப்படியே பார்படாசிலும் சில நாள் தங்கினார். வெயிலில் நீச்சலடிக்கிறார் என்று ஊரில் பேச்சு. திரும்பி வந்து விமான நிலையத்தில் நிருபர்களிடம், நாட்டில் குழப்பம் பெருகுவதாக வெளியில் இருந்து பார்க்கிறவர்கள் நினைக்க மாட்டார்கள் என்கிற பொருளில் ஏதோ சொன்னார். மறுநாள் தி சன் பத்திரிகை "நெருக்கடியா? என்ன நெருக்கடி?" என்று தலைப்புப் போட்டது. அது தலைப்பு எழுதியவருடைய வாசகம், கேலகனுடையது இல்லை. ஆனாலும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது, அந்த வருஷம் மே மாதத் தேர்தலில் அவர் தோற்றார், இன்றுவரை அவர் சொன்னதாகவே எழுதுகிறார்கள். அதனால் இந்த மாதிரி ஒற்றை வரி வந்தால் ஒலிப்பதிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

கேமரூன் அதிபர் வருஷத்துல பாதி நாள் ஸ்விட்சர்லாந்துலயே இருக்கிறாராமே?

பாதி நாள் என்பது அதிகப்படி. ஆனால் அடியில் உண்மை இல்லாமல் இல்லை. பால் பியா 1982 நவம்பரில் இருந்து கேமரூனின் அதிபர், பிறந்தது 1933. ஜெனீவாவில் இன்டர்கான்டினென்டல் ஹோட்டல் அவருக்கு இரண்டாவது வீடு மாதிரி என்பது ஊரறிந்த விஷயம். குற்றச் செயல்களையும் ஊழலையும் புலனாய்வு செய்கிற பன்னாட்டுச் செய்தியாளர் அமைப்பு ஒன்று 2018-ல், அந்த நாட்டு அரசுப் பத்திரிகையில் வந்த செய்திகளையே நாள் நாளாகக் கூட்டிப் பார்த்து, ஆட்சியில் இருந்த காலத்தில் தனிப்பட்ட பயணங்களாக மட்டும் குறைந்தது நாலரை வருஷம் அவர் வெளிநாட்டில் கழித்திருக்கிறார் என்று கணக்கிட்டது. அரசு ரகசியம் எதையும் திருடவில்லை, எல்லாமே அச்சில் வந்ததுதான். ஒரு சாதாரண வாசகரும் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை, ஆனால் செய்வதற்குப் பொறுமை வேண்டும்.

2024-ல் நடந்தது இன்னும் முக்கியம். செப்டம்பர் தொடக்கத்தில் பெய்ஜிங் மாநாட்டில் தலையைக் காட்டினார், அதன் பிறகு ஆளைக் காணோம். ஐ.நா. பொதுச்சபைக்கு வரவில்லை, பிரான்சில் நடந்த பிரெஞ்சு மொழி நாடுகள் மாநாட்டுக்கும் வரவில்லை. இறந்துவிட்டார் என்றே பேசினார்கள். அக்டோபர் 8 அன்று அரசு, அவர் நலமாக இருக்கிறார், எல்லாம் கற்பனை என்றது. ஜெனீவாவில் இருக்கிறார் என்று அவர் அலுவலகத்தில் இருந்தே ஒருவர் சொன்னார். சரி, அதோடு விட்டிருக்கலாம். அடுத்த நாள் உள்துறை அமைச்சர் அதிபரின் உடல்நிலை பற்றி ஊடகங்கள் விவாதிக்கவே கூடாது, அது தேசப் பாதுகாப்பு விஷயம் என்று தடை போட்டார். தடை போட்டதும் சந்தேகம் இரண்டு மடங்கு ஆனது. அக்டோபர் 21 அன்று அவர் தலைநகர் யாவுண்டேயில் விமானத்தை விட்டு இறங்கி நடந்து வந்தார்.

92 வயதை நெருங்கும் ஒருவர் ஆறு ஏழு வாரம் கண்ணில் படாவிட்டால் ஜனங்கள் சாவைப் பற்றித்தான் பேசுவார்கள். அதைக் கெட்ட எண்ணம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நாட்டில் அப்போது துணை அதிபர் என்று ஒரு பதவியே கிடையாது. அடுத்து யார் என்ற கேள்விக்கு விடை தெரியாத ஊரில் வதந்தி பரவாமல் என்ன செய்யும்?

நைஜீரியா அதிபர் லீவுல போன இடத்துலயே செத்து, டூப்பை அனுப்பி வச்சாங்கன்னு ஒரு வீடியோ வந்துச்சுங்க. நம்பலாமா?

நம்பாதீர்கள். முஹம்மது புஹாரி 2017 ஜனவரியில் லண்டனுக்குப் போகும்போது நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதிவிட்டுத்தான் போனார். பத்து வேலைநாள் விடுமுறை, கூடவே மருத்துவப் பரிசோதனை, பிப்ரவரி 6-க்குத் திரும்புவேன் என்று இருந்தது. துணை அதிபர் யெமி ஒசின்பாஜோ பொறுப்பேற்றார். ஆனால் திரும்பியது மார்ச் 10. மே மாதம் மறுபடி போனவர் ஆகஸ்ட் 19-ல்தான் வந்தார், நூறு நாளுக்கு மேல். என்ன நோய் என்று கடைசிவரை சொல்லவே இல்லை. அந்த இடைவெளியில்தான் டூப் கதை புகுந்தது, சூடானில் இருந்து ஜுப்ரில் என்ற ஒருவரைக் கொண்டு வந்து உட்கார வைத்துவிட்டார்கள் என்று பிரிவினை இயக்கத் தலைவர் ஒருவர் பரப்பினார். 2018 டிசம்பரில் போலந்தில் இருந்த நைஜீரியர்கள் கூட்டத்தில் ஒருவர் எழுந்து நேராகவே கேட்க, நான்தான் அசல் ஆள், சீக்கிரம் எனக்கு 76-வது பிறந்தநாள் வருகிறது என்று புஹாரியே பதில் சொல்ல வேண்டி வந்தது. பதவியை முடித்து, 2025 ஜூலையில் லண்டனில்தான் காலமானார்.

நைஜீரியாவுக்கு இது முதல் அனுபவமும் இல்லை. 2009 நவம்பரில் அதிபர் உமாரு யார் அதுவா சிகிச்சைக்குச் சவுதி போனவர் யாரிடமும் பொறுப்பை எழுதிக் கொடுக்காமல் போய்விட்டார். மாதக்கணக்கில் நாட்டுக்குத் தலைவரே இல்லாத மாதிரி ஆகி, பிப்ரவரியில் நாடாளுமன்றமே துணை அதிபரைப் பொறுப்பில் வைத்தது. அதன் பிறகு அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள்: 21 நாளுக்குள் அதிபர் கடிதம் கொடுக்காவிட்டால், நாடாளுமன்றமே தீர்மானம் போட்டுத் துணை அதிபரிடம் பொறுப்பை ஒப்படைக்கலாம். புஹாரி ஒழுங்காகக் கடிதம் கொடுத்ததற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. வதந்தியை யாராலும் நிறுத்த முடியவில்லை, ஆனால் நாடு நின்றுவிடாமல் ஓடியது. எனக்கு இந்தச் சட்டம் ரொம்பப் பிடித்தது, ஒவ்வொரு நாட்டுக்கும் இப்படி ஒன்று வேண்டும்.

கோத்தபய ராஜபக்ச சிங்கப்பூர்ல இருந்தது லீவா, அடைக்கலமா?

லீவு இல்லை என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். 2022 ஜூலை 9 அன்று கொழும்பில் அதிபர் மாளிகைக்குள் ஜனங்கள் புகுந்தார்கள். 13-ம் தேதி விடியலில் அவர் விமானப்படை விமானத்தில் மாலத்தீவு போனார், 14-ம் தேதி சவுதியா விமானத்தில் சிங்கப்பூர். அங்கிருந்துதான் ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்பினார். ஆனால் சிங்கப்பூர் வெளியுறவுத்துறை சொன்னது என்னவென்றால், அவர் தனிப்பட்ட பயணமாக வந்திருக்கிறார், அடைக்கலம் கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்பதுதான். சட்டப்படி அது சரியான விளக்கம். ஆகஸ்டில் தாய்லாந்து போய், செப்டம்பர் தொடக்கத்தில் இலங்கைக்கே திரும்பினார்.

அந்த வாரம் நம்ம பக்கம் கிளம்பின ஊகங்களுக்கு அளவே இல்லை. ஜூலை 11 அன்று இலங்கை நாடாளுமன்ற சபாநாயகரே அவர் நாட்டை விட்டுப் போய்விட்டார் என்று பிபிசியிடம் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரத்தில் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று பின்வாங்கினார். இந்தியாதான் தப்ப வைத்தது என்ற செய்தியைக் கொழும்பில் உள்ள இந்தியத் தூதரகம் ஆதாரமற்றது என்று அடியோடு மறுத்தது. சபாநாயகருக்கே தெளிவாகத் தெரியாத விஷயம் அவிநாசி ரோட்டில் நம்ம கைபேசிக்கு மட்டும் உறுதியாக எப்படி வந்து சேரும்? ஈரோட்டிலும் கோவையிலும் முகாம்களில் இருக்கிற ஈழத்துக் குடும்பங்களுக்கு இந்தப் பெயர் வெறும் செய்தி இல்லை, அதை நினைத்தாவது கேட்டதையெல்லாம் மற்றவர்களுக்கு அனுப்பிவிடாமல் இருக்கலாம்.

ரணிலைக் கைது பண்ணதும் ஒரு வெளிநாட்டுப் பயணத்துக்காகத்தானுங்களே?

ஆமாம். 2023 செப்டம்பரில் அதிபராக இருந்தபோது கியூபா, நியூயார்க் அரசுப் பயணங்களை முடித்துத் திரும்பும் வழியில் லண்டனில் இறங்கினார். அவர் மனைவிக்கு வுல்வர்ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் மரியாதை செய்கிற விழா. அந்தத் தனிப்பட்ட நிகழ்ச்சிக்கு அரசுப் பணம் செலவானது என்று குற்றம் சாட்டி 2025 ஆகஸ்ட் 22-ல் கைது செய்தார்கள், நாலு நாளில் ஜாமீன் கிடைத்தது. மனைவியின் பயணச் செலவை அவரே பார்த்துக்கொண்டார் என்பது ரணில் தரப்பு. இலங்கையில் முன்னாள் அதிபர் ஒருவர் கைதானது அதுதான் முதல் தடவை.

யாரு காசு குடுத்தாங்கன்னு கேக்கறது அநாகரிகம் இல்லீங்களா?

இல்லவே இல்லை. கேட்க வேண்டியதே அதைத்தான். கடலில் குளித்தாரா, என்ன சட்டை போட்டிருந்தார் என்பதில் நமக்கு ஒரு வேலையும் இல்லை. கனடாவின் ஜஸ்டின் ட்ரூடோ 2016 கிறிஸ்துமசுக்குக் குடும்பத்தோடு எங்கே போனார் என்று அலுவலகம் முதலில் சொல்லவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, பஹாமாசில், இஸ்மாயிலி முஸ்லிம்களின் மதத் தலைவர் ஆகா கானுக்குச் சொந்தமான தனித் தீவு, போக வர அவருடைய ஹெலிகாப்டர். ஆகா கானின் அறக்கட்டளைக்குக் கனடா அரசு நிதி கொடுத்து வந்தது. நெறிமுறை ஆணையர் ஒரு வருஷம் விசாரித்து, 2017 டிசம்பரில் ட்ரூடோ சட்டத்தை மீறியிருக்கிறார் என்று அறிக்கை கொடுத்தார். பிரதமராக இருப்பவர் அந்தச் சட்டத்தை மீறினார் என்று தீர்ப்பானது அதுவே முதல் முறை. எங்கே போனார் என்ற ஊகத்தை நிருபர்கள் விடாமல் துரத்தினதால்தான் இது வெளியே வந்தது.

பிரிட்டனின் போரிஸ் ஜான்சன் 2020 புத்தாண்டுக்கு மஸ்டீக் தீவுக்குப் போய்த் தங்கியது 15,000 பவுண்டு மதிப்புள்ள இலவசம். யார் கொடுத்தது என்பதில் குழப்பம் வந்து, விசாரணை ஆணையர் விதி மீறல் என்றார், நாடாளுமன்றக் குழுவோ இல்லை என்று முடித்தது. ஊகம் எல்லாமே கடைசியில் குற்றமாக முடியாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரம்ப் கோல்ஃப் விளையாடப் போறதுக்கும் திருப்பூருக்கும் என்னங்க சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு. 2025 ஜூலை 25 முதல் 29 வரை அவர் ஸ்காட்லாந்தில் தன் சொந்த கோல்ஃப் மைதானங்களில் இருந்தார். பாதி லீவு, பாதி வேலை. ஜூலை 27 அன்று டர்ன்பெரியில், அவருடைய அந்த விடுதியிலேயே, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆணையத் தலைவர் ஊர்சுலா வான் டெர் லையன் வந்து உட்கார்ந்து, ஐரோப்பியச் சரக்குக்கு 15 சதவீத வரி என்று ஒப்பந்தம் பேசி முடித்தார்கள். ஜூலை 30 அன்று இந்தியாவுக்கு 25 சதவீதம் என்று அறிவிப்பு, ஆகஸ்ட் 6 அன்று இன்னொரு 25, ஆகஸ்ட் 27-ல் மொத்தம் 50 ஆனது. அந்த வாரங்களில் அமெரிக்க ஆர்டரை மட்டும் நம்பி இருந்த பனியன் கம்பெனிகளில் தையல் டேபிள் எப்படிக் காலியானது, பையர்கள் தள்ளுபடி கேட்டு எப்படி நெருக்கினார்கள் என்பதை இந்த ஊரில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

அதனால் லீவில் இருக்கிறார், ஒன்றும் நடக்காது என்று நினைக்க முடியாது. அதே சமயம் அவர் எந்தக் குழியில் பந்தைப் போட்டார் என்று பார்த்துக்கொண்டிருப்பதும் நேர விரயம். அவரைப் பார்க்க யார் வந்து போகிறார்கள் என்பதைப் பாருங்கள்.

விமானத்தை ஆப்ல பார்த்தா ஆள் எங்கன்னு தெரிஞ்சிடுமே?

விமானம் எங்கே என்று தெரியும். உள்ளே யார் என்று தெரியாது. ஃப்ளைட்ரேடார்24 மாதிரி ஆப்கள் விமானம் தானாக அனுப்புகிற சமிக்ஞையை வைத்துத்தான் காட்டுகின்றன. அரசு விமானங்களும் ராணுவ விமானங்களும் அதை அணைத்து வைக்கலாம், காட்டாமல் மறைக்கச் சொல்லலாம். தலைவரை இறக்கிவிட்டு விமானம் காலியாகவும் திரும்பும். ஜெனீவாவில் ஒரு விமானம் நின்றால் அது ஒரு துப்பு, அவ்வளவுதான்.

படம் வந்தால் கூகுள் லென்சில் போட்டுத் தேடுங்கள். பழைய படமா என்று பெரும்பாலும் ஒரு நிமிஷத்தில் பிடிபடும்.

சீனாவுல ஷி ஜின்பிங்கைச் சிறை வச்சுட்டாங்கன்னு ஒரு சமயம் பேசினாங்களே, அது என்ன ஆச்சு?

2022 செப்டம்பர் நடுவில் உஸ்பெகிஸ்தானில் சமர்கந்து மாநாட்டுக்குப் போய்த் திரும்பினவர் பத்து நாள் வெளியே தலைகாட்டவில்லை. உடனே ராணுவப் புரட்சி, வீட்டுக்காவல் என்று கிளம்பியது. இதை ஊதிப் பெரிதாக்கியதில் நம்ம நாட்டுக் கணக்குகளுக்குப் பெரிய பங்கு உண்டு, இந்தியாவில் அது டிரெண்டிங்கிலேயே ஓடியது. செப்டம்பர் 27 அன்று பெய்ஜிங்கில் ஒரு கண்காட்சிக்கு வந்து நின்றார். அன்றைக்குச் சீனாவில் வெளிநாடு போய் வந்தவர்களுக்குக் கொரோனா தனிமைப்படுத்தல் விதி இருந்தது. சலிப்பான காரணம் கண் முன்னால் இருக்கும்போது எல்லோரும் சுவாரசியமான காரணத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். கைபேசியில் வந்ததைப் படித்தவுடன் முதலில் அந்தச் சலிப்பான காரணத்தைத் தேடிப் பாருங்கள், அனேகமாக அதுதான் இருக்கும்.

நம்ம ஊர்ல மட்டும் இப்படி நடந்ததே இல்லையா?

நடக்காமலா! 1984 நவம்பரில் எம்.ஜி.ஆரை நியூயார்க் புரூக்ளின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது இங்கே எத்தனை கதை ஓடியது என்று அம்மா அப்பாவைக் கேளுங்கள். நெடுஞ்செழியன் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார், டிசம்பர் தேர்தலுக்கு முன் எம்.ஜி.ஆர். ஆஸ்பத்திரியில் சாப்பிடுகிற காட்சியைப் படம் எடுத்து ஊர் ஊராகக் காட்டினார்கள், பிப்ரவரியில் திரும்பி வந்தார். அது லீவு இல்லை, நோய். ஆனால் ஊகம் வளர்ந்த விதம் அதேதான். 2016-ல் ஜெயலலிதா ஆஸ்பத்திரியில் இருந்த 75 நாளில் வதந்தி பரப்பினதாகச் சொல்லிக் கைது நடவடிக்கைகளே நடந்தன, கோயம்புத்தூரில் வங்கி ஊழியர்கள் இரண்டு பேர் மேல்கூட. ஒழுங்கான தினசரி மருத்துவ அறிக்கையால் முடிந்திருக்க வேண்டிய விஷயத்துக்கு, ஏதோ ஒன்றைக் கேட்டுவிட்டுப் பேசின ஆளைப் பிடித்து உள்ளே போட்டது எனக்கு அன்றும் சரியாகப் படவில்லை, இன்றும் படவில்லை.

நம்ம பிரதமர் வெளியூர் போனா சாவி யார்கிட்ட இருக்கும்?

குடியரசுத் தலைவர் இல்லாவிட்டால் துணைத் தலைவர் பார்த்துக்கொள்வார், அரசியல் சட்டத்தின் 65-வது பிரிவு அதைச் சொல்கிறது. பிரதமருக்கு அப்படி எழுதப்பட்ட ஏற்பாடு இல்லை. மூத்த அமைச்சர் ஒருவர் அமைச்சரவைக் கூட்டத்தை நடத்துவார், 2009 ஜனவரியில் மன்மோகன் சிங்குக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோது பிரணாப் முகர்ஜி செய்த மாதிரி. சிங்கப்பூரில் இதற்கு நல்ல பழக்கம் ஒன்று இருக்கிறது: பிரதமர் எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை லீவு, அதுவரை பொறுப்பு யார் என்று பிரதமர் அலுவலகமே ஒரு சின்ன அறிக்கை விட்டுவிடும். லீ சியென் லூங் பிரதமராக இருந்த காலத்தில் லீவில் எடுத்த படங்களைத் தானே போடுவார். அங்கே இதை வைத்து ஊகம் பண்ண எதுவும் மிச்சம் இருப்பதில்லை.

எங்க பொண்ணு சிட்னில இருக்குதுங்க. மறுபடி காட்டுத் தீ வந்து, பிரதமரைக் காணோம்னு செய்தி வந்தா நாங்க எதைப் பார்க்கறது?

பிரதமரைத் தேடுவதை அந்த ஊர் நிருபர்களிடம் விட்டுவிடுங்கள், அவர்கள் நன்றாகவே தேடுவார்கள். நியூ சவுத் வேல்ஸ் அரசின் ஹசர்ட்ஸ் நியர் மீ என்கிற ஆப் இருக்கிறது, எந்தத் தெருவுக்கு எவ்வளவு பக்கத்தில் தீ வருகிறது, கிளம்ப வேண்டுமா இருக்கலாமா என்று வரைபடத்தோடு சொல்லும். பொள்ளாச்சியில் உட்கார்ந்தும் அதைப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசி வானொலியின் உள்ளூர் நிலையங்கள் தீ சமயத்தில் முழு நேரமும் எச்சரிக்கைதான் ஒலிபரப்பும். ஆபத்து என்றால் அங்கே கூப்பிட வேண்டிய எண் 000. பொண்ணு குடியிருக்கிற இடம் காட்டை ஒட்டின புறநகராக இருந்தால், கிளம்ப நேர்ந்தால் எந்த வழியில் போவது, யார் வீட்டுக்குப் போவது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.